பாதாளத்து மாப்பிள்ளை

கேள்வி: கிரேக்கப் புராணத்தில் பெர்செபொனியைத் தூக்கிக்கொண்டு போனவன் பாதாள அரசன் ஹேடீஸ். அவனைப் போய் இளையோர் நாவல்களில் காதல் நாயகனாக்குகிறார்களே, நியாயமா?

பதில்: பழைய கிரேக்கப் பாடலில் இந்தச் சம்பந்தத்துக்குத் தலையாட்டியவர் பெண்ணின் அப்பா ஜீயஸ். மாப்பிள்ளை பெரியப்பா முறை, ஊர் பாதாளம். பெண்ணையும் கேட்கவில்லை, பெற்றவளையும் கேட்கவில்லை! அன்று கேட்காமல் விட்டதை இன்றாவது கேட்க இந்த நாவல்கள் வேண்டும் என்பேன். ஏமி கார்ட்டரின் ‘தி காடஸ் டெஸ்ட்’ (2011) நாயகி கேட், சாகக் கிடக்கும் அம்மாவுக்காக ஆண்டில் ஆறு மாதம் ஹென்றியின் மாளிகையில் இருக்கத் தானே ஒப்புக்கொள்கிறாள். ஹென்றிதான் ஹேடீஸ். முடிவு அவள் கைக்கு வந்ததும் காதலுக்கும் இடம் வந்துவிடுகிறது.

ஆனால் மாளிகையிலும் நாயகனின் சோகக் கண்களிலும் மயங்கி, அம்மாவை மறந்துவிடும் கதைகள் எனக்கு ஒப்பாது. பழைய பாடலில் பெர்செபொனியின் அம்மா, பயிர்த் தெய்வம் டெமீட்டர், மகளுக்காக விளைச்சலையே நிறுத்தினாள். படையல் நின்றுபோகும், தேவர்கள் பாடு திண்டாட்டம் என்ற பிறகுதான் ஜீயஸ் இறங்கி வந்தார். மகள் மாதுளை விதையைத் தின்றிருந்ததால், ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு பாதாளவாசம். மிச்சமெல்லாம் அம்மா வீடு. அந்தத் தாயின் கோபமும் சேர்ந்த காதல் கதை கிடைத்தால் விடிய விடியப் படிப்பேன்.