சேவுப் பொட்டலம் வந்து சேர்ந்தது மருமகனே

ஏ மருமகனே, நீ குடுத்தனுப்பின சேவு வந்து சேர்ந்துச்சு. சாத்தூர் காராச்சேவு, அதுலயும் மிளகு தூக்கலா. பல்லு போன தாய்மாமனுக்குச் சேவு அனுப்புற புத்தி உனக்குத்தான் வரும். இருக்கட்டும். பேரன் பிளஸ் டூ பாஸாயிருக்கான், கல்லா இருந்தாலும் ஊற வச்சுத் தின்னுட வேண்டியதுதான்.

அன்னிக்கு உன் வாசல்ல சரவெடி போட்டதும் காதுல விழுந்துச்சு. சிவகாசிக்குப் பக்கத்துல பொறந்துட்டு அதைக்கூடச் செய்யலைன்னா எப்படி? ஆனா ஒண்ணு யோசிச்சேன். இந்த 2025-ல தமிழ்நாடு பூராவும் 95.03 சதவீதம் தேர்ச்சின்னு டி.வி.ல சொன்னான். நூறு பேர் எழுதினா 95 பேர் பாஸ். அபூர்வமா நடக்குறதுக்குத்தான் வெடி போடணும்னா, பெயிலான அஞ்சு பேர் வாசல்லதான் போட்டிருக்கணும். அவங்களுக்கும் ஒண்ணும் குடி முழுகிப் போகலை. துணைத்தேர்வு எழுதிட்டு இந்த வருசமே காலேஜ் வாசப்படி ஏறிருவாங்க.

எங்க காலத்துல அப்படியா? பதினொண்ணாங் கிளாஸ்தான் எஸ்.எஸ்.எல்.சி. பேப்பர்ல நம்பர் வந்தா ஆளு பாஸ். வராதவன் அச்சுப்பிழைன்னு சொல்லியே அடுத்த பரீட்சை வரைக்கும் ஊருக்குள்ள ஓட்டுவான். பிளஸ் டூங்கிற சமாச்சாரமே பொறவு வந்தது. முதல் பரீட்சை 1980-ல நடந்துச்சு. நீ எழுதினப்ப மொத்தம் 1200 மார்க்கு. அதுல நீ வாங்கினது 611. மறந்திருப்பேன்னு நினைச்சியா? உங்க ஆத்தா அன்னிக்கு என் வீட்டுத் திண்ணையிலதான் உக்காந்து அழுதா, பெயிலுன்னு நினைச்சு. பாஸுன்னு சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் அழுதா.

2018-ஓட அந்த 1200 கணக்கை மூடிட்டாங்க. இப்ப 600-தான். அதுல பேரன் 371. பங்கு போட்டுப் பார்த்தா அப்பனைவிட மகன் கெட்டி. அதனால அவனை ஏசாதே. ஏசுற தகுதி உனக்கு இல்லை, எனக்கும் இல்லை.

மார்க் சீட்டை நீ காட்டலை, அவன்தான் செல்லுல காட்டினான். வேதியியல் 45. நல்ல மார்க்குதான்னு சொல்ல வாயெடுத்தேன், அப்புறம்தான் கணக்கு உறைச்சுது. செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10, ரெண்டையும் முழுசா அள்ளிப் போட்டிருக்காரு வாத்தியாரு. அது 30. மிச்சம் பேனாவைப் பிடிச்சு எழுதி வாங்கினது 15. எழுத்துப் பரீட்சையில 70-க்கு 15 வந்தாத்தான் பாஸுன்னு சட்டம். கோடு போட்ட மாதிரி 15-லயே போய் நின்னிருக்கான் பாரு, அந்தக் குறி எல்லாருக்கும் வாய்க்காது. ஒண்ணு குறைஞ்சிருந்தா மொத்தம் 44 இருந்தும் பெயிலு.

இவனை நீ என்ஜினீயர் ஆக்கப் போறதாக் கேள்வி. கணக்கு 52, இயற்பியல் 58. கட்-ஆப் போட்டா கணக்கு முழுசா, மத்த ரெண்டும் பாதிப் பாதி. 52-ம் 29-ம் 22.5-ம், ஆக 200-க்கு 103.5. கவுன்சிலிங் எல்லாம் வேண்டாம், நேரா மேனேஜ்மெண்ட் கோட்டாவுல சேர்த்துருவோம்னு ஏஜெண்ட் சொன்னானாமே? மோட்டார் சைக்கிள்ல நோட்டீஸோட வந்தானே, அவன்தானே? அவன் என்ன படிச்சிருக்கான்னு கேட்டியா? நான் கேட்டேன். என்ஜினீயரிங்காம்.

அந்தப் பீஸுக்குத்தான் கம்மாய்க்கரை கரிசல் ஒண்ணரை ஏக்கரை ஒத்திக்கு வைக்கப் போறே. வை. உன் நிலம், உன் மகன். ஆம்பளைப் பிள்ளைக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறே?

ஆமா, பேத்தி எப்படி இருக்கா?

போன வருசம் இதே மே மாசம் அவளுக்கும் ரிசல்ட் வந்துச்சே. 548. அப்ப வெடிச் சத்தம் கேட்டதா எனக்கு ஞாபகம் இல்லை. வயசாச்சுல்ல, காது மந்தம், வெடிச்சிருப்பே. சேவும் வந்த மாதிரித் தெரியலை. கணக்கு 97, இயற்பியல் 92, வேதியியல் 94. கட்-ஆப் 190. அதுவும் கவர்மெண்ட் பொம்பளைப் பிள்ளைக பள்ளிக்கூடத்துல, வேன் கீன் எதுவும் இல்லாம, நடந்து போய்ப் படிச்சு.

அவளைச் சுத்தி அன்னிக்கு ஒரு சங்கதி இருந்துச்சு மருமகனே. ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைகளுக்கு என்ஜினீயரிங்ல 7.5 சதவீதம் இடம் தனியா ஒதுக்கி 2021-லயே சட்டம் போட்டாச்சு. படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாம் சர்க்கார் கட்டும். 190-ஐக் கையில வச்சுக்கிட்டு அந்த வரிசையில நின்னிருந்தா கிண்டி என்ஜினீயரிங் காலேஜ் கதவையே தட்டியிருக்கலாம். உனக்கு ஒத்தியும் இல்லை, வட்டியும் இல்லை. நீ என்ன சொன்னே? "வயசுப் பிள்ளையை ஹாஸ்டல்ல விட்டுட்டு நான் எப்படி மாமா தூங்குறது?" நியாயம்தான். ஆம்பளைப் பிள்ளைக்கு வயசே ஆகாது போல. அவனைக் கோயமுத்தூர் ஹாஸ்டல்ல விட்டுட்டு நீ குறட்டை விட்டுத் தூங்கலாம்.

வீட்டுக் கிணத்துல தண்ணி தளும்ப, அதை மூடி வச்சுட்டு லாரித் தண்ணிக்கு நிலத்தை எழுதிக் குடுக்குறவனை இந்த வயசுலதான் பார்க்கிறேன்.

உன்னை மட்டும் சொல்லிக் குத்தமில்லை, ஊரே அப்படித்தான். 2023-ல நம்ம விருதுநகர் 97.85 எடுத்து மாநிலத்துலயே முதல் மாவட்டமா வந்தப்ப டீக்கடையில நீ மார் தட்டினதைப் பார்த்தேன். இந்த வருசம் அரியலூர்க்காரன் 98.82-ன்னு தட்டிட்டுப் போயிட்டான், அது வேற. அந்த மாரை உயர்த்தி விட்டது யாருன்னு பாரு. 2025-ல பொம்பளைப் பிள்ளைக 96.70, பயலுக 93.16. போன வருசமும் அவளுகதான் மேல, முந்தின வருசமும் அவளுகதான். ரிசல்ட்டுக்கு மறுநாள் பேப்பர்ல பிள்ளைக கூட்டமாத் துள்ளிக் குதிக்கிற படம் போடுவானே, அதுல என்னிக்காவது ஒரு பயலைப் பார்த்திருக்கியா? ஜூன் மாசம் அந்தப் படத்துல இருந்தவளுக எங்கெங்க போய் இறங்கினாளுகன்னு ஒருத்தனும் படம் எடுக்க வரமாட்டான். வந்தா உன்னை மாதிரி அப்பனுகளையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும்.

அவ பக்கத்து ஊர்க் காலேஜுக்கு டவுன் பஸ்ல போய்ட்டு வர்றா, விளக்கு வைக்குறதுக்குள்ள வீட்டுக்கு வந்துர்றா, உனக்கு நிம்மதி. புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூவா அவ கணக்குல விழுதாம். அந்தப் பணத்துலதான் தம்பி செல்லுக்கு ரீசார்ஜ் நடக்குதுன்னு கேள்விப்பட்டேன், பொய்யாத்தான் இருக்கும். பேரனுக்கு அந்த மாதிரி தமிழ்ப் புதல்வன் காசும் வராது, 7.5-ம் கிடையாது. கவர்மெண்ட் பள்ளிக்கூடம் கௌரவக் குறைச்சல்னு மெட்ரிக்குலேஷன்ல காசு கட்டிப் படிக்க வச்சியே. காசு கட்டிச் சலுகையைத் தொலைக்கிறதுலயும் ஒரு கெத்து இருக்கத்தான் செய்யுது.

பேரன் மேல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. அவனுக்கு ஐ.டி.ஐ.ல மோட்டார் மெக்கானிக் சேரணும்னு ஆசை. என்கிட்டச் சொன்னான். உன்கிட்டச் சொல்ல பயமாம். என் பழைய டி.வி.எஸ். 50-ஐ முழுசாக் கழட்டிப் போட்டு மாட்டினவன் அவன்தான். ஒரு நட்டுகூட மிச்சமில்லை. அதுக்கு 15 மார்க்குக்கு மேலயே போடலாம்.

ஒத்திப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட என்னை வரச் சொன்னியாம். வாரேன், கூப்பிட்ட மரியாதைக்கு வராம இருப்பேனா? வர்றதுக்கு முன்னாடி அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, நாலு வருசம் கழிச்சு நிலத்தை மீட்க எவ்வளவு கட்டணும்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வை. கணக்குப் போட ஆள் தேடி வெளிய அலைய வேண்டாம். 97 வாங்கினவ உள்ளதான் உனக்குத் தோசை சுட்டுக்கிட்டிருக்கா.