அப்பாவைக் கேட்டீர்களா?

வாசகர், ஒரத்தநாடு: எங்கள் ஊர்ப் பெரியவர் ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். சர்க்கரை நோயால் பார்வை போய்விட்டது. போரில் போகவில்லையே, உதவி கிடைக்குமா?

சிகிச்சைக்கு அந்தக் கேள்வியே கிடையாது. 2003-இல் வந்த இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் அவர் உறுப்பினர் என்றால் கண் வைத்தியமும் அதில் அடக்கம். ஊனத்துக்கான பென்ஷன்தான் வேறு. பணியால் வந்த பாதிப்பு என்று மருத்துவக் குழு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு தஞ்சாவூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள். மாற்றுத்திறனாளி அட்டைக்கும் கையோடு விண்ணப்பியுங்கள்.

வாசகி, மன்னார்குடி: ஆயுள் சான்றுக்கு, பார்வையில்லாத அப்பாவின் கைரேகை பதியவில்லை. செல்போனோ கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது!

பார்வையில்லாதவரிடம் கேட்கிற கேள்வியா அது! எனக்கும் கோபம்தான் வருகிறது. உரிய அதிகாரி கையெழுத்திட்ட காகிதச் சான்றும் செல்லும். நவம்பர் கடைசி வரை காத்திருக்காதீர்கள்.

வாசகர், திருவையாறு: கண்ணிழந்த சிப்பாய்களுக்கு நம் நாட்டில் முதலில் வழி காட்டியது யார்?

கண்ணிழந்த ஒரு சிப்பாய். 1915-இல் லண்டனில் கண்ணிழந்த வீரர்களுக்கான செயின்ட் டன்ஸ்டன்ஸ் இல்லத்தைத் தொடங்கிய ஆர்தர் பியர்சன், கண் அழுத்த நோயால் பார்வை இழந்த பத்திரிகை அதிபர். அதே ஆண்டு கலிப்போலிப் போரில் பார்வையைப் பறிகொடுத்து அந்த இல்லத்தில் பயின்றார் நியூசிலாந்துக்காரர் குளூத்தா மெக்கன்சி. இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த இந்திய வீரர்களுக்காக 1943-இல் டேராடூனில் திறந்த விடுதியை நடத்த வந்தவர் அவர்தான். பிரெயிலும் கைத்தொழிலும் கற்றுத் தந்தார்கள். அந்த வேரிலிருந்து வளர்ந்ததுதான் இன்று அங்கே இருக்கும் தேசிய நிறுவனம். உட்கார வைத்துச் சோறு போடுவதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

வாசகர், கும்பகோணம்: அப்பாவுக்குப் பார்வை போய்விட்டது. வயலை விற்றுவிடலாமா?

அப்பாவைக் கேட்டீர்களா? நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தே ஈரம் சொல்கிறவர்கள் நம் பெரியவர்கள். மடை திறந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் பாய்கிறது என்பதைக் காதாலேயே பிடித்துவிடுவார்கள். கொள்முதல் நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். கணக்கை அவரிடமே சொல்லச் சொல்லுங்கள். 500 ரூபாய் நோட்டின் ஓரத்தில் ஐந்து மேடு கோடுகள், நூறில் நான்கு, விரலுக்குத் தட்டுப்படும். தேய்ந்த நோட்டு என்றால், ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட ‘மணி’ செயலி செல்போனிலேயே தொகையைச் சொல்லும்.

வாசகர், பட்டுக்கோட்டை: கொடிநாளுக்குப் பணம் கொடுக்கிறோம். வேறென்ன செய்யலாம்?

டிசம்பர் 7 போக மிச்ச நாளும் இருக்கிறதே! வரப்பில் போகும்போது பார்வையிழந்த வீரரின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடிக்கட்டும், நீங்கள் ஓரடி முன்னால் நடங்கள். “மதகு வருது, படி இறங்குது” என்று சொல்லிக்கொண்டே போங்கள்.