என் குளியலறை அருவிக்குச் சீசன் அறிவிக்கக் கோரி

பெறுநர்: வீட்டு வரைபடங்களுக்கு முத்திரை குத்தும் உயர்திரு அலுவலர் அவர்கள்.
பொருள்: சுவருக்குள் போன குழாய் காணாமல் போனதும், பிறகு தானாகவே வெளிப்பட்டதும் தொடர்பாக.
பார்வை: என் 6 மி.மீ. டிரில் பிட்.

ஐயா,

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் குடியிருக்கிறேன். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று இங்கே அருவிக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் போன ஆனியில், சாரல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், குளியலறையில் துண்டு மாட்டும் கம்பிக்குத் துளை போடப்போய், கூடுதலாக ஒன்று கிடைத்தது.

முதலில் செங்கல் தூள் சிவப்பாக உதிர்ந்தது. பிறகு சந்தன நிறத்தில் ஏதோ சுருள் சுருளாக வந்தது. "அண்ணாச்சி, இது செங்கல் இல்லையே" என்று கூட நின்ற பையன் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் என் முகத்தில் அடித்தது. சுருளாக வந்தது சிபிவிசி பைப்பு என்பது நனைந்த பிறகுதான் விளங்கியது. ஓட்டையை விரலால் அடைத்தபடி நான் நிற்க, வீட்டார் மாடிக்கு ஓடிக் கேட் வால்வைத் தேடினார்கள். மூன்று இருந்தன. எது எதற்கு என்று ஒன்றிலும் எழுதவில்லை. பேரருவியில் வெள்ளம் வந்தால் போலீஸ் விசில் ஊதி ஆட்களை வெளியேற்றும். என் வீட்டில் அந்த வசதியும் இல்லை.

ஈரக்கையோடு பீரோவைத் திறந்து, முத்திரை குத்திய வரைபடத்தை விரித்தேன். பக்கத்து மனைக்கு விட்ட இடைவெளி அடிக்கணக்கில் இருந்தது. 2003இல் அரசு கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பும் இருந்தது. வானத்திலிருந்து விழப்போகிற தண்ணீர் எங்கே போகும் என்று தங்களுக்குத் தெரிகிறது. மாடித் தொட்டியிலிருந்து இறங்குகிற தண்ணீர் எந்தச் சுவரில் போகிறது என்பது என் பிளம்பருக்கு மட்டுமே தெரியும். அவர் துபாய் போய்விட்டார்.

ரோட்டைத் தோண்டுகிறவர்களுக்காகப் பிரதமர் 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' என்று ஒரு செயலியைத் தொடங்கிவைத்தார். தோண்டும் முன் கேபிள், குழாய் பதித்தவர்களிடம் சொல்லிவிட வேண்டும். நல்ல ஏற்பாடு. சுவர் என்பதும் நிமிர்ந்து நிற்கிற ரோடுதானே, ஐயா? நான் யாரிடம் சொல்ல?

தண்ணீராவது பரவாயில்லை. ஒரு சாண் தள்ளிக் கீசருக்கு வயர் போகிறது. அதில் பட்டிருந்தால் இந்த மனுவை என் மனைவி எழுதியிருப்பாள். பொருளும் வேறாக இருந்திருக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டுகிற ஆர்சிசிபி போட்டிருந்தேனா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் நேர் கீழும் டிரில் வைக்கக் கூடாது என்று எலக்ட்ரீஷியன் பிறகு சொன்னார். இந்த விஷயத்தில் எல்லாரும் பிறகுதான் சொல்கிறார்கள். என் வயரோ நேராகவும் போகவில்லை. மிச்சம் பிடிக்கக் குறுக்கே இழுத்திருக்கிறார்கள்.

தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் அங்கே கல்லில் ஒரு பாட்டு வெட்டி வைத்தான். பின்னாளில் கோயிலுக்குக் குறை நேர்ந்தால், அதைச் சரிசெய்து காக்கிறவர் யாரானாலும் அவரைப் பணிகிறேன் என்பது அதன் சாரம். 15ஆம் நூற்றாண்டு ராஜாவுக்கு, மராமத்துக்கு வரப்போகிறவன் நினைப்பு இருந்திருக்கிறது. எனக்கு வீடு கட்டித் தந்தவர் என்னைப் பணிய வேண்டாம். காடி வெட்டிப் பைப்பும் வயரும் பதித்த அன்று, பூச்சுக்கு முன்னால், டேப்பைப் பிடித்து நாலு போட்டோ எடுத்துத் தந்திருக்கலாம்.

ஆகவே, அப்படிப்பட்ட போட்டோக்களையும் வரைபடத்தோடு வாங்கி வைக்க, தங்கள் அலுவலக அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இயலாதென்றால், என் குளியலறையைச் சுற்றுலாத் தலமாக அறிவித்து, எண்ணெய் தேய்த்துவிட ஒருவரையும் விசில் ஊத ஒருவரையும் நியமித்து உதவ வேண்டும்.

இப்படிக்கு,
நனைந்த மனுதாரர்

பி.கு.: கம்பிக்கு இன்னும் மூன்று துளை பாக்கி. தங்கள் பதில் வரும்வரை துண்டு என் தோளில்தான் கிடக்கும்.