கிலோவுக்கா, சோடிக்கா?

இந்த முறை பழைய சாமான் கேள்விகள். பெரும்பாலானவை, புத்தக வரிசை சாயாமல் இரண்டு பக்கமும் சோடியாக வைக்கும் இரும்பு முட்டான 'புக் எண்ட்' பற்றியவை.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த சித்தப்பா ஒரு சோடி இரும்பு நாயைத் தந்துவிட்டு, "நூறு வருசப் பழசு, கவனம்" என்று சொல்லிப் போனார். நம்பலாமா?
— சாவகச்சேரி வாசகர்

சித்தப்பாவை நம்புங்கள். நாயைக் கவிழ்த்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் அது இரும்பே அல்ல. திருகாணித் தலையில் கூட்டல் குறி இருந்தால் கதை சிக்கல், அந்த வகைத் திருகாணி சந்தைக்கு வந்ததே 1930களின் நடுப்பகுதியில்தான். பழைய வார்ப்பு நொய்மணல் அச்சில் ஊற்றியது, கை வைத்தால் வழுவழுப்பாக இருக்கும். போலி பெரும்பாலும் சொரசொரக்கும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. பழைய நாயையே அச்சாக வைத்துப் புது நாய் வார்ப்பார்கள். இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் சுருங்கும். ஆகவே போலி நாய் அசலை விடக் கொஞ்சம் குள்ளம், முகமும் மங்கல். கறளின் நிறத்தையும் பாருங்கள். பழைய கறள் கடும் மண்ணிறம். தோடம்பழ நிறத்தில் இருந்தால், நேற்று உப்புத்தண்ணீரில் குளித்த நாய் அது.

கேள்வி: புத்தகம் சாயாமல் இருக்க ஒரு செங்கல் போதாதா?
— ஓய்வுபெற்ற கணக்காளர், மானிப்பாய்

தாராளமாகப் போதும். எங்கள் பூட்டன்மாருக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. ஏட்டுச்சுவடிக்கு மேலும் கீழும் சட்டம் வைத்து, கயிற்றால் கட்டிப் படுக்கவிட்டார்கள். அச்சுப் புத்தகம் வந்த பிறகுதான் நிற்கும் பழக்கமும் சாயும் பழக்கமும் வந்தன. 1877இல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்டெபின்ஸ் பர்னார்ட் என்பவர், தகட்டை வளைத்து அதன் நாக்கைப் புத்தகத்துக்கு அடியில் செருகும் ஒரு முட்டுக்குக் காப்புரிமை எடுத்தார். பள்ளிக்கூட நூலகங்களில் இன்றும் நிற்பவை அதன் பேரப்பிள்ளைகள்.

அது வேலை செய்தது, ஆனால் அழகில்லை. 1920களிலும் 30களிலும் விளையாட்டுச் சாமானும் கதவு முட்டும் வார்த்துக்கொண்டிருந்த பட்டறைகள் இந்தக் குறையைப் பிடித்துக்கொண்டன. பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் 1894இல் தொடங்கிய ஹப்லி, கனெக்டிகட்டின் மெரிடனில் இருந்த பிராட்லி அன் ஹபர்ட் போன்றவை நாய், பாய்க்கப்பல், யானை, ஆபிரகாம் லிங்கன் என்று வார்த்துத் தள்ளின. லிங்கன் இரண்டு பேர், நடுவில் பத்துப் புத்தகம்! பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. இரும்பெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது.

கேள்வி: அப்பா வைத்திருந்த இரும்பு யானைச் சோடியை நானும் தம்பியும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டோம். தம்பி ரொறன்ரோவில். என் யானை என்ன பெறும்?
— உரும்பிராய் வாசகி

பாதி விலைகூடப் பெறாது, அக்கா. காணியைப் பிரித்தால் இரண்டு காணி. இந்தச் சோடியைப் பிரித்தால் இரண்டு பேப்பர் வெயிட். 1706-07இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையை எழுதித் தொகுத்தபோது முதுசம், சீதனம், தேடியதேட்டம் எல்லாவற்றுக்கும் வழி சொன்னார். ஒற்றை யானைக்குச் சொல்லவில்லை. ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுங்கள். அதுவரை உங்கள் யானையை அலுமாரியின் ஒரு பக்கம் வையுங்கள், மறுபக்கத்தைச் சுவர் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் யானையே இல்லை. பிறகு ஏன் வீட்டுக்கு வீடு கருங்காலி யானை?
— பதினோராம் வகுப்பு மாணவன், காரைநகர்

தம்பி, உமக்குப் பக்கத்துத் துறைமுகத்தையே மறந்துவிட்டீரே! போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வன்னியில் பிடித்த யானைகள் ஆனையிறவு கடந்து வந்து, ஊர்காவற்றுறையில் கப்பலேறி இந்தியாவுக்குப் போயின. உயிருள்ள யானையை விற்றுத் தீர்த்த ஊர், பிறகு தெற்கே காலிப் பக்கம் செதுக்கிய மர யானையைக் காசு கொடுத்து வாங்கியது. வியாபாரத்தில் எந்தப் பக்கம் லாபம் என்று நீரே கணக்குப் போடும்.

கருங்காலி நல்ல கனமான மரம், தண்ணீரில் தாழும். அதனால் முட்டுக்கொடுக்க இரும்புக்கு அடுத்தபடி அதைச் சொல்வேன். கறளும் இல்லை.

கேள்வி: கறள் பிடித்ததைப் புளி போட்டுத் தேய்க்கலாமா? பெயின்ற் அடிக்கலாமா?
— கொக்குவில் இல்லத்தரசி

புளி குத்துவிளக்குக்கு. இரும்புக்கு வேண்டவே வேண்டாம், மிஞ்சியிருக்கும் பழைய பூச்சையும் அது தின்றுவிடும். காய்ந்த துணியால் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் இரண்டு துளி விடுங்கள். கடற்காற்று வீசும் ஊரில் இதை அடிக்கடி செய்ய வேண்டும். பெயின்ற் அடித்தால் வீட்டுக்காரருக்கு வடிவாகத்தான் தெரியும், சேகரிப்பவருக்கு நெஞ்சு வலிக்கும். தேய்ந்த பழைய பூச்சுக்குத்தான் அவர் காசு கொடுக்கிறார்.

கேள்வி: என்னிடம் பழைய ரயில் பாதைத் தண்டவாளத் துண்டு இரண்டு இருக்கிறது. அதை வைத்துப் புத்தகம் அடுக்கலாமா?
— பெயர் வேண்டாம்

பெயர் போடாதது நல்லது. அது அரச சொத்து. போரால் 1990இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றபின் தண்டவாளம் பங்கருக்குக் கூரையானது. துண்டுகள் பள்ளிக்கூட மணியாகவும் தொங்கின. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி திரும்பி வந்தது புதுப் பாதையில். உங்கள் துண்டு வார்ப்பிரும்பு அல்ல, உருக்கு. ஆனால் அடி தட்டை, கனம் போதும், இந்த ஊரின் சொந்தக் கதையும் அதில் இருக்கிறது. லிங்கனை விட அதுதான் எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: பழைய இரும்புக்காரர் கிலோக் கணக்கில் கேட்கிறார். கொடுக்கலாமா?
— சங்கானை வாசகர்

கொடுக்க முன், கரி போடும் பழைய இஸ்திரிப் பெட்டி வீட்டில் இருந்தால் அதன் மூடிக் கொளுக்கியைப் பாருங்கள். சிலதில் ஒரு சேவல் நிற்கும். கிலோக் கணக்கில் சேவலுக்குத் தனி விலை கிடையாது. போரில் மூடிக்கிடந்த தரைப்பாதை திறந்த பிறகு எத்தனை வீட்டுக் கதவும் நிலையும் அலுமாரியும் லொறி ஏறித் தெற்கே போயின என்பதை உங்கள் அயலில் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டுக்குப் பழம்பொருள் கொண்டுபோகத்தான் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் தேவை. கொழும்புக்கு ஒரு கயிறும் லொறியும் போதும்.

கேள்வி: இரவில் கள்ளன் வந்தால் இரும்பு நாயைத் தூக்கி எறியலாமா?
— நெல்லியடி வாசகர்

கூடாது. வார்ப்பிரும்பு சீமெந்துத் தரையில் விழுந்தால் உடைந்துவிடும். உடையாமல் கள்ளன் அதைக் கொண்டு ஓடினாலோ, உங்களிடமும் ஒற்றை, அவனிடமும் ஒற்றை. இருவருக்கும் நட்டம்.