தற்புகழ்ச்சிக்கு விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன

தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது அசிங்கம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் அமெரிக்காவில் ஃபெடரல் வேலைக்கு விண்ணப்பிக்கக் கூடாது. விண்ணப்பித்தே தீருவேன் என்றால், முதலில் நன்னூலைப் புரட்டிவிட்டு உட்கார வேண்டும். பவணந்தி முனிவர் முன்யோசனைக்காரர். தற்புகழ்ச்சிக்கு நான்கு இடங்களில் விலக்கு உண்டு என்று பாயிரத்திலேயே சொல்லிவிட்டார்: அரசவைக்கு ஓலை எழுதும்போது, நம் திறமை தெரியாதவர்கள் நடுவே மாட்டிக்கொள்ளும்போது, சபையில் ஜெயித்தாக வேண்டியபோது, எதிராளி நம்மைப் பழிக்கும்போது. பதின்மூன்றாம் நூற்றாண்டுக்காரர் ஃபெடரல் வேலைகளுக்கான யுஎஸ்ஏஜாப்ஸ் இணையதளத்தைப் பார்த்திருக்க வழியில்லை. இருந்தும் அந்த நான்கும் வரிசை முன்பின்னாக எனக்கு நடந்து முடிந்தன.

ஓலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஃபெடரல் வேலைகளில் பெரும்பாலானவை குடிமக்களுக்கு மட்டும். ஆகவே எச்1பி, பச்சை அட்டை, குடியுரிமை என்று எல்லா வரிசையிலும் நின்று முடித்த தமிழன் விண்ணப்பத்தைத் திறக்கும்போது தலையில் பாதி நரைத்திருக்கும். திறந்தால், ரெஸ்யூமே கேட்கிறார்கள். தனியார் கம்பெனிக்கு அனுப்புகிற ஒற்றைப் பக்கச் சமாசாரம் இல்லை. ஒவ்வொரு வேலையிலும் எந்த மாதம் சேர்ந்தாய், எந்த மாதம் விலகினாய், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், மேலாளர் பெயர் என்ன, அவரைக் கூப்பிட்டு விசாரிக்கலாமா? என் முதல் மேலாளர் இப்போது வேலையை விட்டுவிட்டு இயற்கை விவசாயம் பார்க்கிறார். அவரைக் கூப்பிட்டால் என்னைப் பற்றிப் பேச மாட்டார், மாப்பிள்ளைச் சம்பா பற்றித்தான் பேசுவார். வாரம் 40 மணி என்ற எண்ணை எழுத மறந்தால், பத்து வருட அனுபவமும் கணக்கில் வராமல் போகலாம். இப்படியே ஐந்தாறு பக்கம் எழுதி எல்லோரும் பழகிய பிறகு, 2025 செப்டம்பரிலிருந்து இரண்டு பக்கத்துக்கு மேல் கூடாது என்று விதியை மாற்றினார்கள்.

ரெஸ்யூமேயாவது பரவாயில்லை. அடுத்து வந்தது சுயமதிப்பீட்டுக் கேள்வித்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டம். முதல் கட்டம்: எனக்கு இது தெரியாது. இரண்டாவது: படித்திருக்கிறேன், செய்ததில்லை. மூன்றாவது: ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளச் செய்திருக்கிறேன். நான்காவது: தனியாகவே செய்வேன். ஐந்தாவது: இதில் நான் நிபுணன், மற்றவர்கள் என்னிடம் வந்து கேட்டுப் போவார்கள். கேள்விகள் என்னவோ அணுகுண்டு பற்றியவை அல்ல. எழுத்து மூலம் கருத்தைத் தெரிவிப்பீர்களா? வாடிக்கையாளரின் தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்வீர்களா? என் கை தன்னாலே நான்காவது கட்டத்துக்குப் போனது. “அதுல கைய வைக்காதீங்க” என்றாள் மனைவி. பக்கத்துத் தெருவில் பதினைந்து வருடமாக ஃபெடரல் வேலையில் இருக்கும் நண்பர் அவளுக்கு உபதேசம் செய்திருந்தார். நான்கைத் தொடுகிறவன் நல்லவன், ஆனால் நேர்முகத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பது அவர் கண்ட உண்மை. அன்று மாலைக்குள் தொலைபேசி எடுப்பதில் நான் நிபுணன் ஆனேன். மற்றவர்கள் என்னிடம் வந்து, ரிசீவரை எந்தப் பக்கம் காதில் வைப்பது என்று கேட்டுப் போவார்கள்.

ஊரில் அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் கேட்ட முதல் கேள்வி: “பரீட்சை எப்போடா தம்பி?” டிஎன்பிஎஸ்சி குரூப் நான்குக்கு லட்சக்கணக்கானவர்கள் ஒரே நாளில் எழுதுகிற மாநிலத்தில் இருந்துகொண்டு வேறென்ன கேட்பார்கள்? பெரும்பாலான வேலைகளுக்குப் பரீட்சை இல்லை, நமக்கு நாமே மார்க் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்றேன். அம்மா நெடுநேரம் யோசித்துவிட்டு, “அப்ப நூத்துக்கு நூறு போட்டுக்க வேண்டியதுதானே” என்றார். அமெரிக்கர்களும் ஒரு காலத்தில் பொதுத்தேர்வு வைத்திருந்தார்கள். கறுப்பினத்தவரையும் ஹிஸ்பானியரையும் அது அநியாயமாக வடிகட்டுகிறது என்று வழக்கு நடந்து, 1981-இல் சமரசம் செய்து அந்தத் தேர்வைக் கைவிட்டார்கள். நியாயமான காரணம்தான். பரீட்சை போன இடத்தில் இந்த ஐந்து கட்டங்கள் வந்து உட்கார்ந்துகொண்டதைத்தான் சகிக்க முடியவில்லை.

ஐந்தாவது கட்டத்தைத் தொட எனக்கிருந்த கூச்சம் துளியும் இல்லாத ஒருவன் அமெரிக்க வரலாற்றில் உண்டு. பெயர் சார்ல்ஸ் கிட்டோ. அன்று அரசு வேலை என்பது ஜெயித்த கட்சி தன் ஆட்களுக்குப் பங்கு போடுகிற பொருள். 1880 தேர்தலில் கிட்டோ ஒரு பிரசாரப் பேச்சை எழுதி அச்சடித்தான். முதலில் அது முன்னாள் ஜனாதிபதி கிராண்டுக்காக எழுதியது. வேட்பாளர் கார்ஃபீல்டு என்று முடிவானதும் பெயரை மாற்றி, அங்கங்கே தட்டிச் சரிசெய்துகொண்டான். இதைத்தான் இன்றைய வேலை ஆலோசகர்கள், விளம்பரத்துக்கு ஏற்ப ரெஸ்யூமேயைத் திருத்துங்கள் என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறார்கள். கார்ஃபீல்டு ஜெயித்தார். ஜெயித்ததே தன் பேச்சால்தான் என்று கிட்டோ முடிவுகட்டி, பாரிஸ் நகரத் துணைத்தூதர் பதவி கேட்டு வெள்ளை மாளிகைக்கும் வெளியுறவுத் துறைக்கும் நடையாய் நடந்தான். இனி பாரிஸ் பேச்சை எடுக்காதே என்று வெளியுறவு அமைச்சர் பிளெய்ன் விரட்டிவிட்டார். 1881 ஜூலை 2-ஆம் தேதி வாஷிங்டன் ரயில் நிலையத்தில் கிட்டோ ஜனாதிபதியைச் சுட்டான். குண்டைத் தேடுகிறோம் என்று மருத்துவர்கள் கழுவாத விரல்களை விட்டுத் துழாவியதும் சேர்ந்து, செப்டம்பரில் கார்ஃபீல்டு இறந்தார்.

அதன் விளைவாக 1883-இல் வந்ததுதான் பென்டில்டன் சட்டம். தகுதி பார்த்துத்தான் வேலை, கட்சி பார்த்து இல்லை என்றது. ஆரம்பத்தில் பத்தில் ஒரு பங்கு வேலைகளுக்குத்தான் பொருந்தியது, பிறகு மெல்ல மெல்லப் பரவியது. நான் நிரப்பிய அத்தனை படிவங்களுக்கும் பூர்வீகம் இதுதான். தன்னைத் தானே நிபுணன் என்று சொல்லிக்கொண்ட ஒருவனால் ஒரு ஜனாதிபதி செத்தார். அப்படிப்பட்டவர்கள் இனி உள்ளே வரக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். நூறு வருடம் கழித்து, உள்ளே வர வேண்டுமானால் உன்னை நீயே நிபுணன் என்று சொல் என்றார்கள்.

விண்ணப்பித்த பின் காத்திருத்தல். 80 நாளுக்குள் ஆள் எடுத்துவிட வேண்டும் என்பது அரசின் இலக்கு, சராசரி பல ஆண்டுகளாக 100 நாளைச் சுற்றியே நின்றது. இந்த ஓய்வு நேரத்தில் பழைய ஃபெடரல் வேலைகளைப் பற்றிப் படித்து ஏங்கிக்கொண்டிருந்தேன். 1897-இல் தேயிலை இறக்குமதிச் சட்டம் என்று ஒன்று போட்டு, வருகிற தேயிலையைக் குடித்துப் பார்த்துத் தரம் சொல்ல நிபுணர் குழு வைத்திருந்தார்கள். அரசுச் சம்பளத்தில் டீ குடிக்கிற வேலை! 1996-இல் அதை ஒழித்துவிட்டார்கள். அதற்கு மட்டும் விண்ணப்பித்திருந்தால் ஐந்தாவது கட்டத்தைக் கூசாமல் தொட்டிருப்பேன்.

பிறகு சபை, அதாவது நேர்முகம். மூன்று பேர் கொலுப் படியில் வைத்த பொம்மைகள் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லா விண்ணப்பதாரருக்கும் ஒரே கேள்வி, ஒரே வார்த்தை, ஒரே வரிசை. பாரபட்சம் வரக் கூடாது என்பதால் தலையாட்டுவதுகூட இல்லை. நான் ஒரு நகைச்சுவை சொன்னேன். மூவரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். அதற்கு எத்தனை மார்க் என்று இன்றுவரை தெரியாது.

எல்லாம் தேறியது என்றதும் வந்தது எஸ்எஃப்-86 என்கிற பாதுகாப்புப் படிவம். நூறு பக்கத்துக்கு மேல். நிரப்ப சராசரியாக 150 நிமிடம் ஆகும் என்று படிவத்திலேயே போட்டிருக்கிறது. அதை எழுதியவர் ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்து, அனாதையாக வளர்ந்தவராக இருக்க வேண்டும். பத்து வருடமாக எங்கெங்கே குடியிருந்தாய், அங்கே உன்னைத் தெரிந்தவர் யார், ஏழு வருடத்தில் எந்த நாட்டுக்கெல்லாம் போனாய் என்பதெல்லாம் எளிது. அதற்கப்பால், பாசத்தாலோ கடமையாலோ உன்னோடு பிணைந்த வெளிநாட்டுக்காரர்கள் யார் யார் என்று ஒரு கேள்வி. பெயர், முகவரி, பிறந்த தேதி, எந்த வழியில் தொடர்பு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, அவருக்கு வெளிநாட்டு அரசோடு சம்பந்தம் உண்டா?

எங்கள் குடும்பத்தில் வெளிநாட்டு அரசோடு சம்பந்தம் இல்லாதவர்கள்தான் குறைவு. சித்தப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை சத்துணவு அமைப்பாளர். மாமா மகன் விஏஓ. ஒவ்வொருவரையும் அந்நிய அரசின் ஊழியர் என்று எழுதும்போது, சத்துணவுக் கூடத்தில் முட்டை எண்ணிக்கொண்டிருக்கும் அத்தைக்கு உளவுத்துறைக் களை வந்துவிட்டது. தொடர்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றால், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையார் படத்தோடு தினம் காலை வணக்கம் வருகிறதே, அதை மறைக்கவா முடியும்? ‘தினசரி’ என்று எழுதினேன். முகவரியும் பிறந்த தேதியும் கேட்டு ஊருக்குக் கூப்பிட்டபோதுதான் உண்மையான புலன்விசாரணை நடந்தது. “எதுக்குடா இப்ப என் பிறந்த தேதி?” என்றார் சித்தப்பா. “பாகப் பத்திரத்துல ஏதாச்சும் பண்றியா?” அமெரிக்க அரசு கேட்கிறது என்றேன். “அமெரிக்காவுக்கு நம்ம கொல்லை மனை எதுக்கு?” என்று வைத்துவிட்டார்.

உத்திரமேரூர்க் கல்வெட்டில், பதவியிலிருந்து கணக்குக் காட்டாமல் போனவனை மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினர்களையும் வரிசையாகச் சொல்லிக் குடவோலையிலிருந்து விலக்கியிருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்பே எஸ்எஃப்-86 நம்மிடம் இருந்திருக்கிறது என்று மேடையில் பேசத் தோன்றும். நான் பேச மாட்டேன். சித்தப்பா காதுக்குப் போனால் கஷ்டம்.

வேலையில் சேர்ந்த நாள் வலக்கையைத் தூக்கி, அரசியல் சட்டத்தை உள்நாட்டு வெளிநாட்டு எதிரிகளிடமிருந்து காப்பேன் என்று சத்தியம் செய்தேன். காக்கப் போய் உட்கார்ந்த இடத்தில் ஜன்னல் இல்லை. பிறகு சம்பள ஏணி: பதினைந்து படிநிலை, ஒவ்வொன்றிலும் பத்துப் படி. ஒரே நிலையில் முதல் படியிலிருந்து பத்தாவது படிக்கு ஏறப் பதினெட்டு வருடம். ஐயப்பனுக்கும் பதினெட்டுதான், ஆனால் அங்கே ஒரே நாளில் ஏறிவிடலாம்.

தீபாவளி வந்தது. மேலதிகாரிக்குக் கீழே உள்ளவர் எப்போதாவது பரிசு கொடுக்கலாம், 10 டாலருக்கு மேல் போகக் கூடாது என்பது நெறிமுறை விதி. மனைவி அதிரசம் சுட்டுக் கொடுத்தாள். ஓர் அதிரசத்தின் சந்தை விலை என்ன? எங்கள் பக்கத்துக் கடைகளில் விற்பதில்லை, ஆகவே விலையே இல்லை, ஆகவே விலைமதிப்பற்றது, ஆகவே 10 டாலருக்கு மேல். நல்லவேளை, அலுவலகத்தில் பலரும் பகிர்ந்து தின்னும் பண்டத்துக்கு விதியிலேயே இடம் இருந்தது. டப்பாவைப் பொது மேஜையில் வைத்தேன். மேலதிகாரி இரண்டு எடுத்துக்கொண்டார். அரசியல் சட்டத்துக்கு ஆபத்து எதுவும் வரவில்லை.

வேலையைப் பொறுத்தவரை இங்கே நிபுணனுக்கு இடமே கிடையாது. ஒரு குறிப்பை நான் எழுதினால், ஆறு பேர் கையொப்பமிட்டு மேலே போகும்போது அதில் என் பெயரும் இருக்காது, என் வாக்கியமும் இருக்காது. தற்புகழ்ச்சியால் உள்ளே நுழைந்தவன் தன்னை அழித்துக்கொள்ளக் கற்கும் இடம். நானும் நன்றாகவே கற்றுவந்தேன், 2025 பிப்ரவரி வரை.

அந்த மாதம் 22-ஆம் தேதி, சனிக்கிழமை. சென்ற வாரம் என்ன சாதித்தாய் என்று ஐந்து வரியில் எழுதித் திங்கள் நள்ளிரவுக்குள் அனுப்பு என்று ஃபெடரல் ஊழியர்களுக்கு மின்னஞ்சல் வந்தது. பதில் தராவிட்டால் ராஜினாமாவாகக் கொள்ளப்படும் என்று, அப்போது ஜனாதிபதியின் ஆலோசகராக இருந்த எலான் மஸ்க் எக்ஸ் தளத்தில் எழுதியிருந்தார். நம் திறமை தெரியாதவர்கள், நம்மைப் பழிக்கும் எதிராளி என்று நன்னூலின் மிச்ச இரண்டு விலக்குகளும் ஒரே மின்னஞ்சலில் வந்து சேர்ந்தன. அலுவலகமே கலங்கிப்போயிருந்தது. தன் வேலையைப் பற்றி ஒரு வரிகூடப் பெருமையாக எழுதத் தெரியாத, முப்பது வருடம் சேவை செய்த பெண்மணி ஒருவர் என் மேஜைக்கு வந்து எப்படி எழுதுவது என்று கேட்டார். மற்றவர்கள் வந்து கேட்டுப் போகும் நிபுணன் என்று எப்போதோ அடித்த டிக் அன்றுதான் உண்மையாயிற்று. பிறகு வாராவாரம் ஐந்து வரி கேட்டார்கள். நாலு வரிக்கு மேல் வராத வாரங்களில், “சென்ற வாரச் சாதனைகள் ஐந்தைப் பட்டியலிட்டு அனுப்பினேன்” என்பதை ஐந்தாவதாகச் சேர்த்தேன். ஆகஸ்டில் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள்.

அக்டோபர் முதல் தேதி அரசாங்கமே மூடிக்கொண்டது. பட்ஜெட் நிறைவேறவில்லை. நவம்பர் 12 வரை 43 நாள், அதுவரை இல்லாத நீளம். தவிர்க்க முடியாத பணியில் உள்ளவர்கள் சம்பளமில்லாமல் வர வேண்டும், மற்றவர்கள் வீட்டில் இருக்க வேண்டும். மற்றவர்களில் நானும் ஒருவன் என்று கடிதம் வந்தது. சும்மா வந்து உதவுகிறேன் என்றாலும் விட மாட்டார்கள், நிதி ஒதுக்காமல் யாரிடமும் இனாமாக வேலை வாங்கக் கூடாது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டம் தடுக்கிறது. சும்மா இருத்தலைச் சித்தர்கள் முக்தி என்றார்கள், இங்கே அது ஃபெடரல் சட்டம்.

அம்மா தினமும் கூப்பிட்டார். “சம்பளம் இல்லையாமே?” திறந்த பிறகு மொத்தமாகக் கிடைக்கும், 2019-இலேயே அதற்குச் சட்டம் இருக்கிறது என்றேன். அவருக்குச் சம்பளத்தைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. “பென்ஷன் ஃபைல் பத்திரமா இருக்கா?” என்றார். பென்சில்வேனியாவில் பாயர்ஸ் என்ற ஊரில், பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில், தரைக்கு 230 அடி கீழே ஃபெடரல் ஊழியர்களின் ஓய்வூதியக் கோப்புகள் இருக்கின்றன. 2014-இல் வாஷிங்டன் போஸ்ட் போய்ப் பார்த்தபோது 600 பேர் அங்கே காகிதத்தைக் கையால் புரட்டிக்கொண்டிருந்தார்கள் என்று விளக்கினேன். கேலி செய்வார் என்று நினைத்தேன்.

“சுரங்கத்துலயா? கரையான் வராதா?”

“கல்லுச் சுரங்கம்மா. கரையான் இல்ல.”

“அப்ப நல்ல கவர்மெண்டுதான்” என்றார் அம்மா. “விட்டுறாதடா அந்த வேலைய.”