பதிமூன்றாவது பிள்ளையின் துப்பாக்கி

அமெரிக்காவில் பழைய வேட்டை ரைஃபிள் விற்கிறவர்கள் பேச்சைத் தாத்தாவிலிருந்து ஆரம்பிப்பார்கள். தாத்தா ஜெர்மனிக்குப் போனார், ஒரு தளபதியை மடக்கினார், இதைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். தளபதிகள் ரைஃபிளைத் தோளில் சுமந்து திரிவதில்லையே என்று குறுக்கே பேசாதீர்கள், விலை ஏறும். கதையைக் கேட்டபடியே குழலின் பின்கதவான போல்ட்டை வெளியே உருவிப் பாருங்கள். சுடும்போது கதவு திறக்காதபடி பூட்டிப் பிடிக்கும் இரும்புப் புடைப்புகள் அதில் இருக்கும்; துப்பாக்கிக்காரர்கள் லக் என்பார்கள். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, ஆக மூன்று இருந்து, வலப்பக்கத்தில் தோட்டாவைப் பிடித்திழுக்கும் கொக்கிப் பட்டை ஒன்றும் நீளமாக ஓடினால், அது 1898 மாடல் மௌசர் அல்லது அதைப் பார்த்துச் செய்தது. பின்னால் உள்ள ஒன்று இல்லையென்றால் பெரும்பாலும் அதற்கு மூத்த 1893, 1895 வகை. தாத்தா எந்தத் தளபதியை மடக்கியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இந்த வம்சத்தின் மூலபுருஷர் பீட்டர் பால் மௌசர். 1838-ல் ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃபில் ஒரு துப்பாக்கித் தொழிலாளி வீட்டில் பதிமூன்றாவது பிள்ளையாகப் பிறந்தார். அந்த ஊரில் அகஸ்டின் சபைத் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. வுர்ட்டம்பெர்க் அரசு மடத்தை எடுத்துக்கொண்டு அதிலேயே துப்பாக்கித் தொழிற்சாலையை வைத்தது. பரலோகத்துக்கு ஆள் அனுப்பும் பணி அந்தக் கட்டடத்தில் தடையில்லாமல் தொடர்ந்தது, வழிமுறைதான் மாறியது.

அன்றைய அதிசயம் பிரஷ்யாவின் ஊசித் துப்பாக்கி. ட்ரைசே என்பவர் செய்தது. விசையை அழுத்தினால் ஒரு நீள ஊசி காகிதத் தோட்டாவைக் குத்தி, மருந்துக்குள் நுழைந்து, குண்டின் அடியில் இருக்கும் பொட்டைத் தட்டும். அப்புறம் மருந்து வெடிக்கும், ஊசி அந்த நெருப்புக்குள்ளேயே வேகும். அடிக்கடி ஒடியும். சிப்பாய் பையில் மாற்று ஊசி வைத்திருப்பான், ஏதோ தையல்காரன் மாதிரி. போதாக்குறைக்குக் கதவு இடுக்கில் புகை பீறிட்டு முகத்தில் அடிக்கும். ஆனாலும் 1866-ல் ஆஸ்திரியாவைத் தோற்கடித்த படை இதைத்தான் தூக்கிக்கொண்டு போனது. காரணம், ஆஸ்திரியர்கள் நின்றுகொண்டு குழல் வாயில் மருந்து இடித்துக்கொண்டிருந்தார்கள். பிரஷ்யர்கள் படுத்தபடியே சுட்டார்கள்.

பால் இதைப் பார்த்தார், திருத்தினார். அண்ணன் வில்ஹெல்முக்கு இரும்பைவிட வாய் நன்றாக வேலை செய்யும் என்பதால் விற்கிற பொறுப்பு அவருடையது. உள்ளூர் அரசுகள் கதவைச் சாத்தின. கடைசியில் மூக்கை நுழைத்தவர் ரெமிங்டன் கம்பெனியின் ஐரோப்பிய ஏஜென்ட் சாமுவேல் நோரிஸ். முதலாளிக்கு வேலை செய்துகொண்டே தன் பணத்தை மௌசர்களிடம் போட்டார். 1868-ல் அமெரிக்கக் காப்புரிமையில் சகோதரர்களின் பெயரோடு அவர் பெயரும் ஏறியது. விசுவாசத்துக்கு எடுத்துக்காட்டு சொல்லும்போது நோரிஸை விட்டுவிடலாம். 1871-ல் பிரஷ்யாவே இறங்கி வந்து மௌசரை ஏற்றது.

அடுத்த காட்சி ஸ்பெயின்-அமெரிக்கப் போர்: கியூபா, 1898 ஜூலை 1, சான் ஹுவான் மலை. மேலே சில நூறு ஸ்பானியர்கள், கையில் 7 மி.மீ. மௌசர். கீழே பெரும் அமெரிக்கப் படை, கையில் கிராக் ரைஃபிள். கிராக்கின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டும், உண்டியலில் சில்லறை போடுவதுபோல. ஸ்பானியனோ ஒரு தகட்டில் கோத்த ஐந்து தோட்டாவை ஒரே அழுத்தில் இறக்கிவிட்டுச் சுட ஆரம்பித்துவிடுவான். மலையை அமெரிக்கர்கள் பிடித்தார்கள், அதில் சந்தேகமில்லை. அன்று ஒரே நாளில் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக அவர்கள் பக்கத்தில் ஆயிரத்துக்கு மேல்.

வென்றவர்கள் வீட்டுக்குப் போனதும் செய்த முதல் காரியம், தோற்றவன் துப்பாக்கியைப் பார்த்து எழுதுவது. ஸ்பிரிங்ஃபீல்டு 1903 அப்படிப் பிறந்தது. எழுதி முடித்ததும் மனசாட்சி உறுத்தியதோ, வக்கீல் உறுத்தினாரோ, 1904-ல் அமெரிக்க ராணுவமே மௌசர் கம்பெனிக்குக் கடிதம் போட்டது: எங்கள் தோட்டாத் தகடு உங்கள் உரிமையில் கைவைக்கிறதா, சற்றுப் பார்த்துச் சொல்லுங்கள். மௌசர் ஆட்கள் பார்த்தார்கள். தகட்டில் இரண்டு, கேட்காமலே ரைஃபிளில் இன்னும் ஐந்து, ஆக ஏழு காப்புரிமை மீறல் என்று பதில் வந்தது. ரைஃபிளுக்கு 75 சென்ட் வீதம், தகட்டுக்குத் தனியாக, மொத்தம் 2 லட்சம் டாலர் எட்டும்வரை கட்டுவதாக ஒப்பந்தமாயிற்று. தானே போய் மாட்டிக்கொண்டு அபராதம் கட்டிய அரசாங்கத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மௌசரிடம் காப்பியடிக்க முடியாமல் போனது அடுப்பை. ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலையில் இரும்பு எவ்வளவு காய்ந்தது என்று அதன் நிறத்தைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்தார்கள். வெயில் பளீரென்று அடிக்கும் நாளில் காய்ந்த இரும்பும் மங்கலாகத் தெரியும். இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று விட்டால் எஃகு கருகிவிடும். மேகமூட்டமான நாளில் செய்தது நல்ல ரைஃபிள், வெயில் நாளில் செய்தது கண்ணாடிச் சாமான். 1917-ல் சில ரைஃபிள்கள் சுடுகிறவன் முகத்துக்கு நேரே உடைந்த பிறகுதான் விசாரணை, அப்புறம்தான் வெப்பமானி. அதனால் ஸ்பிரிங்ஃபீல்டில் செய்ததில் சீரியல் எண் 8,00,000-க்குக் கீழே இருந்தால் தோட்டா போடுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

இதற்கிடையே ஓபர்ன்டார்ஃபில் 98 மாடல் வந்துவிட்டது. முன் லக் இரண்டும் முறிந்தாலும் பின்னால் மூன்றாவது தாங்கும். தோட்டாவின் பின்பக்கம் கிழிந்து புகை பீறிட்டால் முகத்துக்கு வராமல் திருப்பிவிட போல்ட்டில் துளை. இத்தனை பாதுகாப்பையும் வைத்த பால் மௌசர், 1901-ல் தானியங்கித் துப்பாக்கி ஒன்றைச் சோதித்துப் பார்க்கும்போது இடது கண்ணை இழந்தார். மீதிக் கண்ணோடு 1914 மே வரை இருந்து, தன் சரக்கு மொத்தமாகச் செலவாகப் போகும் போருக்குச் சில வாரம் முன்பு போய்ச் சேர்ந்தார்.

இரண்டு போர் முடிந்ததும் லட்சக்கணக்கான 98-கள் வேலையில்லாமல் நின்றன. அமெரிக்கப் பட்டறைகள் அவற்றைப் பிடித்து வேட்டைக்காரனாக்கின. முன்கட்டையை அறுத்தார்கள், போல்ட் கைப்பிடியை வளைத்தார்கள், மேலே டெலஸ்கோப் மாட்டத் துளை போட்டார்கள். சில மகானுபாவர்கள், போல்ட் ஓடும் கூடான ரிசீவரின் மண்டையிலிருந்த முத்திரையையும் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். அப்படி மழிக்காத மண்டை கிடைத்தால் பிறந்த ஊரும் வருடமும் அங்கேயே இருக்கும். பி-ஒய்-எஃப் என்று மூன்று சிறிய எழுத்தும் 43 என்ற எண்ணும் தெரிந்தால் ஓபர்ன்டார்ஃப், 1943. டி-ஓ-டி என்றால் செக் நாட்டு புர்னோ. எதிரிக்குத் தொழிற்சாலை தெரியக் கூடாதென்று ஜெர்மானியர்கள் வைத்த ரகசியக் குறி இது. இன்று சந்தையில் பேரம் பேசுகிற ஒவ்வொருவனுக்கும் மனப்பாடம். சின்னச் சின்ன உறுப்புகளிலும் சீரியல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். போல்ட்டில் ஒன்று, ரிசீவரில் வேறொன்று என்றால் அது பட்டறைக் கல்யாணம்.

ஆங்கிலேயர் கதை தனி. லண்டன் ரிக்பி கம்பெனி மௌசரின் பொறியை வாங்கி, நல்ல மரம் பூட்டி, கனவான் விலைக்கு விற்றது. தோட்டா, சான் ஹுவானில் பறந்த அதே 7 மி.மீ. சரக்கு. ஜெர்மன் அளவைச் சொன்னால் கௌரவம் குறையும் என்று .275 ரிக்பி என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். 1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசளித்தது அப்படி ஒன்றைத்தான். வெள்ளித் தகட்டில் பெயர் பொறித்துக் கொடுத்தார்கள். வயதைக் கண்டுபிடிக்க அதைவிடச் சுலபமான உறுப்பு எந்த ரைஃபிளிலும் இல்லை.

ரெமிங்டன்காரர்களுக்குக் குறும்பு அதிகம். குழலின் இடப்பக்கம், ரிசீவரை ஒட்டி, மாதத்துக்கு ஒரு எழுத்து அடித்தார்கள். கரிமருந்தை ஆங்கிலத்தில் பிளாக் பவுடர் என்று எழுதினால் திரும்ப வராத பதினோரு எழுத்து; கடைசியில் ஒரு எக்ஸ் சேர்த்தால் பன்னிரண்டு. முதல் எழுத்து ஜனவரி, எக்ஸ் டிசம்பர். அதற்கடுத்த எழுத்து வருடம். ஆனால் அது குழல் பிறந்த மாதம். குழலை மாற்றியிருந்தால் ரைஃபிளின் வயது அதில் இல்லை.

வின்செஸ்டர் 1936-ல் மாடல் 70 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மௌசரின் கொக்கிப் பட்டை, கையால் செதுக்கிய மரப்பிடி, எல்லாம் ஒழுங்கு. 1964-ல் கணக்குப்பிள்ளைகள் செலவைக் குறைத்தார்கள்: கொக்கிப் பட்டை போனது, செதுக்குவதற்குப் பதில் மரத்தில் அச்சை அழுத்தினார்கள். வேட்டைக்காரர்கள் கொதித்தார்கள். எதிர்க் கம்பெனி ரெமிங்டன் மாடல் 700 மேலே ஏறியது. கொக்கியைத் திரும்பக் கொண்டுவர வின்செஸ்டருக்கு 1990-கள் வரை ஆயிற்று. பழைய மாடல் 70-க்கு அடையாளம் சீரியல் எண் 7,00,000-க்குக் கீழே. அதற்குக் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் உண்டு. ஸ்பிரிங்ஃபீல்டின் 8,00,000-த்தையும் இதையும் மட்டும் தலையில் மாற்றிப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் அந்த எண்ணுக்குக் கீழே இருப்பதைச் சுவரில் மாட்டுங்கள், தோட்டா போடாதீர்கள்.