இரண்டரை மில்லியின் பெருமை

கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டை தக்காளி மண்டியில் காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. ஒரு மாதம் பெட்டி ஆயிரத்தைத் தாண்டும். அடுத்த மாதமே பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். இப்படி நிலைபுத்தி இல்லாத சரக்கை நம்பிப் பிழைக்கும் ஊருக்கு, உறுதி என்றால் என்ன என்று காட்ட ஒரு பொருள் வேண்டாமா? கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய்க்குப் போடும் சொட்டு மருந்து அந்தக் குறையைத் தீர்க்கிறது. தக்காளி விழுந்தாலும் அது விழாது. இரண்டரை மில்லி பாட்டில், சில நூறு ரூபாய், மாதத்துக்கு ஒன்று, ஆயுசு முழுக்க. பெற்ற பிள்ளைகள்கூட இவ்வளவு ஒழுங்காக மாதாமாதம் வீட்டுக்கு வருவதில்லை.

லேட்டனோப்ரோஸ்ட் என்ற அந்த மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1996இல். நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறியது 2022இல். கண் அத்தியாவசியமா இல்லையா என்பதை அவசரப்பட்டு முடிவு செய்துவிடாத அந்த நிதானத்தை எத்தனை பாராட்டினாலும் தகும்.

பட்டியலில் ஏறிய மருந்துக்கு விலை உச்சவரம்பு உண்டு. அதைக் கணக்கிடும் முறை இன்னும் நாகரிகமானது. மருந்து செய்ய என்ன செலவாகிறது என்று கேட்டு 2013ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணை யாரையும் சங்கடப்படுத்துவதில்லை. சந்தையில் 1 விழுக்காடாவது பங்கு வைத்திருக்கும் கம்பெனிகள் என்ன விலைக்கு விற்கின்றனவோ அதற்குச் சராசரி பார்த்து, கடைக்காரருக்கு 16 விழுக்காடு சேர்த்தால் தீர்ந்தது. "நீங்க விக்கிற விலைக்கே சராசரி போட்டு, மேலயும் சேர்த்துத் தர்றோம்ணா" என்று ராயக்கோட்டை விவசாயியிடம் யாராவது ஒருநாள் சொல்லிப் பார்க்கட்டும், மனுஷன் மயங்கி விழுவார். பட்டியலுக்கு வெளியே நிற்கும் சொட்டு மருந்துகளுக்கு இந்தச் சிரமமும் கிடையாது. ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை தாமாகவே ஏறிக்கொள்ளலாம்.

பாட்டிலின் தாராளத்தையும் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் தங்கக்கூடியது அதிகம் போனால் 30 மைக்ரோலிட்டர். பல பாட்டில்கள் விடும் ஒரு சொட்டு அதைவிடப் பெரியது. மிச்சம் கன்னத்தில் வழிகிறது. காசு கொடுத்தது கண்ணுக்கு மட்டும்தானா, கன்னம் என்ன பாவம் செய்தது? கை நடுங்கும் பெரியவர்களிடம் நெற்றியும் மூக்கும்கூடப் பங்கு வாங்கிக்கொள்ளும். அதையும் மீறி மருந்து மிஞ்சினால், திறந்து நாலைந்து வாரத்தில் தூக்கிப் போட்டுவிட வேண்டும். சேர்த்து வைக்கும் ஆசையே வராமல் மனிதனைப் பக்குவப்படுத்தும் ஏற்பாடு.

நோயும் லேசுப்பட்டதல்ல, அத்தனை மரியாதை தெரிந்தது. பெரும்பாலும் வலிக்காது, சிவக்காது. ஓரப் பார்வையை மட்டும் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் தின்னும். போனது திரும்பாது. சென்னை கிளாக்கோமா ஆய்வு காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் கண்களைச் சோதித்தபோது, இந்நோயின் பரவலான வகை இருந்தவர்களில் 98 விழுக்காட்டுக்கும் மேலானவர்களுக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. மருந்துச் செலவென்று ஒரு பைசா இல்லாத பாக்கியசாலிகள். நோய் தெரிந்துவிட்ட துரதிர்ஷ்டசாலிகள்தான் மெடிக்கல் ஷாப் வாசலில் நிற்கிறார்கள்.

அவர்களும் சாமர்த்தியசாலிகளே. தக்காளி விழுந்த மாதத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு, ஒரு பாட்டிலை இரண்டு மாதத்துக்கு ஓட்டுவார்கள். டாக்டரைப் பார்க்கப் போகும் வாரம் மட்டும் தவறாமல் போடுவார்கள். அழுத்தம் அழகாக இறங்கி நிற்கும், டாக்டருக்கும் திருப்தி. இந்தக் கலை நமக்கு மட்டும் சொந்தமில்லை. 1986இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பாட்டில் திறக்கப்படுவதைக் குறித்துக்கொள்ளும் கருவியைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் போட்டதாகச் சொன்னது 97 விழுக்காடு, போட்டது 76. டாலரில் சம்பாதிக்கிறவர்களே அப்படி.

"கட்டுப்படியாகுமா?" என்று கேட்டு நோயாளியின் மானத்தை வாங்காத டாக்டர்களின் பண்பும் பெரிது. டைமோலால் என்று ஒரு பழைய சொட்டு மருந்து சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீசிங் இருப்பவர்களுக்கு ஆகாது என்பது உண்மைதான். ஆகக்கூடிய மற்றவர்களிடமும் அதைப் பற்றி வாய் திறக்காமல் காப்பதுதான் பண்பின் உச்சம். 2025 பிப்ரவரியில் குறைந்த விலைக்கு மருந்து தரும் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. அங்கே மருந்துக்கு அதன் மூலப்பெயர். சீட்டில் இருப்பதோ கம்பெனி வைத்த பெயர். இரண்டும் ஒன்றா என்று நோயாளியே கண்டுபிடிக்கட்டும், மூளைக்கு நல்ல பயிற்சி.

அரசு எதையும் மறக்கவில்லை. வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாசலுக்கு வந்தது. கண்ணின் அழுத்தம் அறிவிப்பில் இடம் கேட்டு அடம்பிடிக்கவில்லை, அவ்வளவு அடக்கம். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் மகனின் ஈ.எஸ்.ஐ. அட்டையில் அப்பாவுக்கும் மருந்து உண்டு. மகனின் சம்பளம் 21,000ஐத் தாண்டாதவரை. முன்னேறுகிறவன் எதையாவது விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும்? முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. மருத்துவமனையில் படுத்தால்தான் அது கண் விழிக்கும். மெடிக்கல் ஷாப் பில்லுக்கெல்லாம் அதன் தூக்கத்தைக் கலைக்கக் கூடாது.

இரண்டு கண்ணும் போனபிறகு கிடைக்கும் கவனிப்புக்குக் குறையே சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உண்டு, தகுதி இருந்தால் மாதாந்திர உதவித்தொகை உண்டு. சாதாரண நகரப் பேருந்தில் அவருக்கும் கைபிடித்துக் கூட வருபவருக்கும் டிக்கெட் கிடையாது. சொட்டு மருந்து வாங்க ஓசூர் போய்வந்த காலத்தில்தான் முழு டிக்கெட் எடுத்தார்.